மேகக் கணிமைச் சேவைகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

தறி ஓடுவதற்குப் பாவு நூலும் ஊடை நூலும் சாயமும் வேண்டும். இம்மூன்றையும் மூன்று வணிகரிடம் வாங்குவதனால் மட்டும் நமக்குப் பாதுகாப்புக் கிட்டிவிடாது. மூவருள் ஒருவர் தவறினும் தறி நின்றுவிடும். ஆனால் ஒரே நூலை இருவரிடம் வாங்கும் ஏற்பாடு இருக்குமாயின், ஒருவர் தவறும்போது மற்றவர் கைகொடுப்பார். முன்னது தொடர், பின்னது மாற்று. இவ்வேறுபாட்டை உணர்ந்தால், சங்கக் கணக்குகள் கணினிக்கு மாறும் இக்காலத்தில் எழும் ஒரு பிரச்சினைக்கும் வழி புலப்படும்.

மேகக் கணிமை என்பது, பிறருடைய கட்டடத்திலுள்ள கணினிகளை இணையத்தின் வழியே வாடகைக்குப் பயன்படுத்துதலேயாகும். அமேசான், மைக்ரோசாப்ட், கூகுள் முதலிய பல நிறுவனங்கள் இச்சேவையை அளிக்கின்றன. பலரிடம் பிரித்து வாங்கினால் அபாயம் குறையும் என்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மையே.

தொடரும் மாற்றும்

ஒரு சேவை 100க்கு 99.9 பங்கு நேரம் இயங்கும் என்று உறுதி கூறப்படுவதாகக் கொள்வோம். 30 நாள் கொண்ட மாதத்தில் அது 43 நிமிடம் வரை நிற்கலாம் என்பதே இதன் பொருள். சேலைகளைக் காட்டும் பக்கம் ஒரு நிறுவனத்திடமும், பணம் பெறும் சேவை மற்றொன்றிடமும், இருப்புக் கணக்கு மூன்றாவதிடமும் இருந்தால், மூன்றும் இயங்கினால்தான் ஒரு சேலை விற்பனையாகும். மூன்றும் வெவ்வேறு நேரங்களில் நிற்குமாயின் விற்பனை ஏறத்தாழ 130 நிமிடம் தடைப்படும். நிறுவனங்கள் பெருகின; அபாயமும் உடன் பெருகிற்று.

இனி, ஒரே வேலையை இரு நிறுவனங்கள் தனித்தனியே செய்ய வல்லனவாக அமைப்போம். ஒவ்வொன்றும் 100ல் 1 பங்கு நேரம் தவறுமெனினும், இரண்டும் ஒருங்கே தவறுவது 10,000ல் 1 பங்கேயாகும். ஆனால் அவை ஒன்றையொன்று சாராதிருந்தால் மட்டுமே இக்கணக்குச் செல்லும். இரு கிணறுகள் வெட்டியும், இரண்டு மோட்டார்களுக்கும் ஒரே மின்மாற்றியிலிருந்து மின்சாரம் வருமாயின், அது பழுதுறும் நாளில் பயிருக்கு நீர் இராது. 2025 அக்டோபர் 20ஆம் நாள் அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவிலுள்ள அமேசான் கணினித் தொகுதியில் கோளாறு ஏற்பட்டபோது, தம்முள் தொடர்பற்ற பற்பல நிறுவனங்களின் சேவைகள் ஒரே நேரத்தில் நின்றமை இதற்குச் சான்று.

ஆஸ்திரேலியா தரும் படிப்பினை

ஆஸ்திரேலியாவில் உயர்கல்வித் துறை ஊழியர்களுக்கென ஏற்பட்ட ஓய்வூதிய நிதி யூனிசூப்பர். 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அங்கத்தினர் கொண்டது. இதற்கான கணினி அமைப்பைக் கூகுள் நிறுவனம் ஏற்படுத்தியபோது, நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் வெறுமையாக விடப்பட்டது. அதனால் ஓராண்டுத் தவணை தானாகவே குறிக்கப்பெற்று, தவணை முடிந்ததும் 2024 மே மாதத்தில் அவ்வமைப்பு நீக்கப்பட்டுவிட்டது. பாதுகாப்புக்கென இரு இடங்களில் இரட்டிப்பாக வைத்திருந்த ஏற்பாடும், ஒரே ஒப்பந்தத்துக்குள் அடங்கியிருந்தமையால், உடன் அழிந்தது. அங்கத்தினர்கள் ஒரு வார காலம் தம் கணக்கைப் பார்க்க இயலாது தவித்தனர்.

ஆயினும் யூனிசூப்பர் மற்றொரு நிறுவனத்திடமும் காப்புப் பிரதி வைத்திருந்தது. கூகுளிடமே தனியே இருந்த பிரதிகளும் அழியாமல் எஞ்சின. இவற்றின் துணையால் கணக்குகள் மீண்டன. இடம் இரண்டாக இருந்தது காக்கவில்லை. பிரதி தனித்திருந்ததே காத்தது.

சங்கங்கள் கவனிக்க வேண்டுவன

முதலாவதாக, ஒவ்வொரு வேலையும் எத்துணை நேரம் நின்றால் தாங்கலாம் என்று எழுதி வைத்தல் வேண்டும். கூலி வழங்கும் நாளில் ஒரு மணி நேரத் தடையும் நெசவாளர் வீட்டு அடுப்பைப் பாதிக்கும். ஆண்டறிக்கை ஒரு வாரம் தாமதித்தாலும் பெருங்கேடில்லை. எல்லாவற்றையும் இரட்டிப்பாக வைப்பது வீண் செலவு. இன்றியமையாதவற்றுக்கே மாற்று ஏற்பாடு தேவை.

இரண்டாவதாக, சேவை விற்போரிடம், அது யாருடைய கணினியில், எந்த நகரில் இயங்குகிறது என்று கேட்டறிதல் வேண்டும். பெயர் இரண்டாயினும் வேர் ஒன்றாக இருக்கலாம்.

மூன்றாவதாக, பேரேட்டின் பிரதியொன்றை நாள்தோறும் வேறொரு நிறுவனத்திடம், வேறு கடவுச்சொல்லுடன் வைத்தல் வேண்டும். அது எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய வடிவில் இருப்பது நலம். அப்பிரதியிலிருந்து கணக்கை மீட்டுப் பார்க்கும் ஒத்திகையும் அவ்வப்போது நடைபெற வேண்டும். மீட்டுப் பாராத பிரதி, முளைப்புத் திறன் சோதியாத விதையை ஒக்கும்.

நான்காவதாக, ஒப்பந்தத்தைப் படித்தல் வேண்டும். சேவை தவறினால் பெரும்பாலும் கட்டணத்தில் ஒரு பகுதியே கழிக்கப்படும். விற்பனை இழப்பை எவரும் ஈடு செய்யார். விலகும்போது நம் கணக்குகளை எவ்வடிவில், எத்தனை நாளில் திருப்பித் தருவர் என்பதையும் முன்னரே அறிதல் நன்று.

அங்கத்தினரின் நம்பிக்கையே கூட்டுறவின் மூலதனம். பேரேட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிய காலத்தில் சாவி எவரிடம் உள்ளது என்பதைச் சங்கம் அறிந்திருந்தது. இன்று பெட்டி நம் கண்ணுக்குத் தெரியாத ஊரில் இருக்கிறது; ஆயினும் அக்கேள்வி மாறவில்லை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே அதனை எழுப்புமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.