ஆலைக்கு அபராதம்: விவசாயிக்கு என்ன கிடைக்கும்?

கழிவுநீரை வெளியே விடும் ஆலைகள், 1974-ம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை பெற்றாக வேண்டும். எவ்வளவு கழிவுநீரை, எந்தத் தரத்தில், எங்கே விடலாம் என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். மீறினால் அபராதம் உண்டு. ஆனால் அந்தப் பணம் நிலம் கெட்ட விவசாயியின் கைக்குத் தானாக வந்து சேராது.

தூத்துக்குடித் தீர்ப்பு

நம் மாவட்டத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. சுற்றுப்புறத்தை மாசுபடுத்தியதற்காகவும், இசைவாணையைப் புதுப்பிக்காமல் நெடுநாள் இயங்கியதற்காகவும் ஸ்டெர்லைட் தாமிர ஆலை 100 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று 2013 ஏப்ரல் 2-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. பெரிய கம்பெனிக்குச் சிறிய தொகை உறைக்காது என்பது கோர்ட்டின் கருத்து. கலெக்டரிடம் கட்டப்படும் அத்தொகையை வங்கியில் போட்டு, வட்டியைக் கொண்டு சுற்றுவட்டார நீரையும் நிலத்தையும் சீர்செய்யும்படி தீர்ப்பு கூறியது. விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொல்லவில்லை. அந்த ஆலை 2018-ல் மூடப்பட்டது.

வேலூர் வட்டாரத் தோல் ஆலைகள் வழக்கில் 1996-ல் ஆலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்த அதே கோர்ட், பாதிக்கப்பட்டவர்களின் நஷ்டத்தைக் கணக்கிடத் தனி அமைப்பை ஏற்படுத்தச் சொன்னது. ஆகவே அபராதம் வேறு, இழப்பீடு வேறு.

இழப்பீடு கேட்பது எப்படி?

சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மனுச் செய்யலாம். பாதிப்புக்கான காரணம் முதலில் ஏற்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். கேட்கும் தொகையில் 100-க்கு 1 வீதம் கட்டணம் உண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

அத்தாட்சி முக்கியம்

கரிசலில் நீர் எளிதில் வடியாது. சோடிய உப்பு மிகுந்த கழிவுநீர் பாய்ந்தால் மண் இறுகிவிடும். உளுந்து, பாசி முளைப்பதே சிரமம். எனவே ஓடையிலோ கண்மாயிலோ கழிவுநீர் கலப்பது தெரிந்தால்:

1. தேதி, நேரம், இடம் ஆகியவற்றை எழுதி வைக்கவும். ஆடுமாடு, பயிர்ச் சேதத்தையும் குறிக்கவும்.

2. தூத்துக்குடி மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் கலெக்டருக்கும் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது பெறவும்.

3. நீர் மாதிரியை அதிகாரிகளே எடுக்கும்படி புகாரிலேயே கேட்கவும். நாமே பாட்டிலில் பிடித்த நீரைவிட, அதிகாரி சட்டப்படி எடுத்து முத்திரையிட்ட மாதிரிக்கே வலு அதிகம்.

ஆலைகளுக்கு அருகே நிலம் உள்ளவர்கள், பாதிப்பு வருமுன்பே மண்ணையும் கிணற்று நீரையும் ஒருமுறை பரிசோதித்துச் சீட்டைப் பத்திரப்படுத்துவது நல்லது. நிலம் முன்பு நன்றாக இருந்தது என்பதற்குப் பின்னாளில் அதுவே சாட்சி.