சாளையும் கொறங்காடும் பூனைப்பருந்தும்

மார்கழி பிறந்ததும் பல்லடம் தாண்டிக் காங்கேயம், தாராபுரம், மூலனூர் என்று வண்டியை விடுவதற்கு எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. நடு ஆசியப் புல்வெளிகளிலிருந்து வந்து நம் மேய்ச்சல் காடுகளின்மேல் தாழப் பறக்கும் பூனைப்பருந்துகள் ஒன்று. ஓடு சரிந்து நிற்கும் பழைய தோட்டத்துச் சாளைகள் இன்னொன்று. இரண்டையும் படம் எடுக்க எடுக்க, ஒன்றின் கதைக்குள்தான் மற்றொன்றின் கதையும் கிடக்கிறது என்று தோன்றுகிறது.

அன்று சாளை குடியானவரின் வீடும் தொழிலிடமுமாக இருந்தது. கருங்கல்லும் செம்மண்ணும் வைத்த சுவர், பனங்கை, மேலே ஓடு. முன்னால் களம், பக்கத்தில் கட்டுத்தரை, பின்னால் சோளத்தட்டுப் போர். கிணற்று மேட்டில் காளைகள் கவலை இழுத்துத் தண்ணீர் இறைத்தன. களத்துத் தானியத்துக்கு எலி வந்தது. எலிக்குக் கூகை வந்து ஓட்டுச் சந்தில் குடியிருந்தது. கிணற்றுச் சுவரின் பொந்துகளில் மாடப்புறா, கிணற்றுக்குள் சாய்ந்த கிளையில் தூக்கணாங்குருவிக் கூடு, மொட்டைப் பனையின் பொந்தில் பனங்காடை. சோளம் பால் பிடித்துவிட்டால் பரண் ஏறிக் கவண் சுழற்றிக் குருவி முடுக்குவதே பிள்ளைகளுக்கு வேலை. குளிர்காலத்தில் சூறைக்குருவிக் கூட்டம் கருமேகம்போல வந்து இறங்கும் என்று பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

சாளைக்கு அப்பால் கொறங்காடு. வெளியூர்க்காரர்கள் இதைத் தரிசு என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள், அது சரியல்ல. பட்டா நிலத்தில், முள்கிளுவை வேலி போட்டுப் பாத்தியம் பிரித்து, ஒரு காட்டில் மேய்த்து மறு காட்டை ஆறவிடும் முறை அது. கீழே கொழுக்கட்டைப் புல், மேலே வெள்வேல். கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலாங்காய் ஆட்டுக்குத் தீனி. மழை குறைந்த இந்தப் பூமியில் காங்கேயம் மாட்டை வளர்த்தெடுத்தது இந்த ஏற்பாடுதான். வேலிக்குள் உழவு அபூர்வம், மருந்து அடிப்பு இல்லை. ஆகவே வெட்டுக்கிளியும் ஓணானும் பெருகின. கவுதாரியும் வானம்பாடியும் தரையில் முட்டையிட்டன. பூனைப்பருந்து மரத்தில் அடையாது. சாயங்காலம் கூட்டமாகப் புல்லுக்குள் இறங்கித் தரையில்தான் தூங்கும். அதற்குக் கலைக்கப்படாத புல்வெளி வேண்டும்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைச் சீமைக்கு வந்தது. மோட்டார் பரவப் பரவக் கவலை நின்றது. கவலை நின்றதும் காளை குறைந்தது. பின்னால் வந்த டிராக்டர் மீதிக் காளைகளையும் விற்க வைத்தது. பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் எட்டிய இடங்களில் தென்னை வந்தது. எட்டாத இடங்களில் ஆயிரம் அடி தாண்டிய ஆழ்குழாய்க் கிணறு வந்தது. பல்லடத்தைச் சுற்றி நீளநீளமான கோழிப்பண்ணைக் கொட்டகைகள் எழும்பின. காற்றாலைகள் நின்றன, மனைப்பிரிவுக் கற்கள் முளைத்தன. இதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். வானம் பார்த்த பூமியில் மூன்று தலைமுறை பட்ட பாட்டைத் தெரிந்தவர்கள் சொல்லவும் மாட்டார்கள்.

இன்று அந்தச் சாளைகளில் பல பூட்டிக் கிடக்கின்றன. கட்டுத்தரையில் சிமெண்டு அட்டை போட்டு டிராக்டர் நிற்கிறது. "ஏனுங்க, இடிஞ்ச சாளையப் போயிப் படம் புடிக்கறீங்க?" என்று கேட்காத ஊர் இல்லை. காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது அந்தச் செம்மண் சுவருக்கு வரும் நிறத்தைக் காமிராத் திரையில் காட்டினால் கொஞ்ச நேரம் பேசாமல் பார்ப்பார்கள். பிறகு எந்த மூலையில் குதிர் இருந்தது, அப்பாரு எங்கே கட்டில் போட்டுப் படுத்தார் என்றெல்லாம் சொல்லத் தொடங்குவார்கள். சுவரைவிட அந்தப் பேச்சுக்காகவே நான் போகிறேன் என்றும் சொல்லலாம்.

பறவைகளில் எல்லாமே நட்டமில்லை. புள்ளி ஆந்தை இன்றும் ஓட்டு விளிம்பில் உட்கார்ந்து நம்மை முறைக்கிறது. தகைவிலான்கள் மின்கம்பியில் வரிசை கட்டுகின்றன. காரைவிட்டு இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினால் கீச்சான் பத்தடியில் நிற்கும். நீர்ப்பறவைகளுக்கு நல்ல காலமும் பிறந்திருக்கிறது: ஈரோடு வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் தலமும் ஆனது. கூலிபாளையத்துக் குளம் என்று ஊரார் அழைக்கும் அந்த நீர்ப்பரப்புக்கு இது நியாயமான மரியாதை.

புல்வெளிக்கு அப்படி ஓர் அறிவிப்பு கிடையாது. பனங்காடை நாடு முழுவதும் குறைந்துவருவதாக 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை எச்சரித்தது. குளம் பொதுச்சொத்து, அரசு அறிவித்தால் காக்கலாம். கொறங்காடோ தனியார் பட்டா. ஆட்டுப்பட்டியில் வருமானம் இருக்கும்வரைதான் கிளுவை வேலி நிற்கும். அதனால் பூனைப்பருந்தின் பிழைப்பு ஆட்டுச் சந்தை விலையில் இருக்கிறது என்பதே என் எண்ணம். காட்டை மேய்ச்சலுக்கே விட்டுவைக்கும் குடியானவருக்கு ஊக்கத்தொகை தருவதில் தவறென்ன?

பொங்கலையொட்டித் தமிழகமெங்கும் நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. குளத்தில் ஒரே இடத்தில் நின்று நிறைய எண்ணலாம். அங்கே போகத்தான் மனம் சொல்லும். ஆனாலும் ஒரு காலையையாவது மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காட்டுக்குக் கொடுங்கள். பட்டிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். வரும்போது படலை மறக்காமல் சாத்துங்கள், ஆடு வெளியே போய்விடும்.