நோய் தீரவில்லை, வேலை நிற்கவில்லை!

ஆகஸ்டு 29-ம் தேதி சாயங்காலம் பெஸன்ட் நகர் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அன்று அங்கே எள் போட்டால் எள் விழாது என்பது. அன்னை வேளாங்கண்ணி ஆலயத்தில் கொடி ஏறும் நாள் அது. செப்டம்பர் 8-ம் தேதி மாதாவின் பிறந்த நாளோடு உற்சவம் முடிகிற வரையில் ஜனங்கள் வந்த வண்ணம் இருப்பார்கள். காவி உடுத்திக் கால்நடையாக வருகிறவர்கள் உண்டு. நெற்றியில் குங்குமத்தோடு வந்து, ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்துவிட்டு, மயிலாப்பூருக்கும் மாம்பலத்துக்கும் பஸ் ஏறுகிற மாமிகளும் உண்டு. வியாதி ஜாதி மதம் பார்த்தா வருகிறது?

வேளாங்கண்ணியில் கோயில் கொண்ட அந்தத் தாய்க்கு ஆரோக்கிய மாதா என்றே பெயர். கண் நோய் தீர்ந்தவர்கள் கண் உருவும், கால் வலி தீர்ந்தவர்கள் கால் உருவும் அங்கே காணிக்கை செலுத்துவார்கள். வைத்தீசுவரன் கோயிலில் நம்மவர்கள் செய்கிற அதே வழக்கம்தான். குணமானவர்களின் சந்தோஷம் அந்தக் காணிக்கைகளில் தெரிகிறது.

ஆனால், குணமாகாதவர்கள்?

இந்தக் கேள்வியை வாய் விட்டுக் கேட்க நமக்கு ஏனோ தயக்கம். மூட்டு வாதம், நீரிழிவு, ஆஸ்த்மா, பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு என்று எத்தனையோ வியாதிகள், வந்தால் உடனே போவதில்லை. மருந்தினால் கட்டுப்படும், விட்டுப் போகாது. வீட்டில் ஓர் அறையையும், மாதச் சம்பளத்தில் ஒரு பங்கையும், மனசில் பாதியையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். பிரார்த்தனை செய்தும் தீராத வியாதியோடு வாழ்கிற ஒருவருக்குத் தெய்வ நம்பிக்கை என்ன கொடுக்க முடியும்? நமது தமிழ்நாட்டிலேயே வாழ்ந்து காட்டிய இரண்டு கிறிஸ்துவப் பெண்மணிகளின் சரித்திரம் இதற்குப் பதில் சொல்லுகிறது.

டோனாவூர் அம்மை

திருநெல்வேலிச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் டோனாவூர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. பெயர் விசித்திரமாக இருக்கிறதே என்று யோசிக்கிறீர்களா? பண உதவி செய்த டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயரை வைத்தார்கள். நம் ஊர்க்காரர்கள் அதோடு ஓர் ‘ஊரை’ச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர் ஏமி கார்மைக்கேல். வட அயர்லாந்தில் 1867-ம் ஆண்டு பிறந்தவர். 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், அதன் பிறகு சொந்த தேசத்துக்குத் திரும்பிப் போகவே இல்லை. சேலை கட்டினார்; தமிழ் கற்றார். 1901-ல் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதற்காக வைக்கப்பட்டிருந்த ஒரு சிறு பெண் தப்பி ஓடி அவரிடம் வந்து சேர்ந்தாள். அன்று முதல் அவர் குழந்தைகளுக்கு ‘அம்மை’ ஆனார். அடையாறு ஔவை இல்லத்தை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் எதிர்த்துப் போராடிய அதே வழக்கம்தான் அது. 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்த பிறகே அது ஒழிந்தது. அதற்கு எத்தனையோ வருஷங்களுக்கு முன்பே, அம்மையின் வீட்டில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள்.

1931-ம் வருஷம் அக்டோபர் 24-ம் தேதி. பக்கத்துக் களக்காட்டில் வைத்திய உதவிக்காக ஒரு வீடு தயாராகிக்கொண்டிருந்தது. அதைப் பார்வையிடப் போனார் அம்மை. அந்தி நேரம். அங்கே தோண்டி வைத்திருந்த ஒரு குழி கண்ணுக்குத் தெரியவில்லை. விழுந்தார். கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது. அப்போது அவருக்கு 63 வயது.

சில வாரங்களில் எழுந்து நடமாடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வாரங்கள் மாதங்களாயின, மாதங்கள் வருஷங்களாயின. முதுகில் வலி, நரம்பு வலி, மூட்டு வலி, தூக்கமில்லாத இரவு என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. 1948-ல் மறுபடியும் ஒரு தடவை விழுந்தார். 1951 ஜனவரி 18-ம் தேதி கண் மூடும் வரையில், ஏறக்குறைய இருபது வருஷம், அந்த அறையும் அதன் தாழ்வாரமுமே அவருடைய உலகம்.

இத்தனை குழந்தைகள் அவருக்காகப் பிரார்த்தனை செய்தார்கள். வியாதி தீரவில்லை.

எழுந்து நடமாடுகிறவர்களின் உபதேசம்

நம் வீடுகளில் யாராவது நெடுநாள் படுத்துவிட்டால் என்ன நடக்கிறது? பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு ஓர் ஆறுதலைக் கொண்டு வருகிறார்கள். “எல்லாம் நல்லதுக்குத்தான், அம்மா!” என்பார் ஒருவர். “மனசைத் தளர விடாதீர்கள்” என்பார் இன்னொருவர். காப்பியைக் குடித்துவிட்டு அவர்கள் படி இறங்கிப் போய்விடுவார்கள். படுத்திருப்பவர் படுத்தபடியே இருப்பார்.

டோனாவூர் அம்மைக்கும் இந்த உபசாரம் நடந்தது. நோயாளிகளுக்கென்று அச்சடித்த ஆறுதல் புத்தகங்களைப் பலர் அனுப்பினார்கள். அவரும் படித்துப் பார்த்தார். பக்தியிலே ஊறிய அவருக்கே அவை மனசில் ஒட்டவில்லை. காரணத்தையும் கண்டுபிடித்தார்: அவை சௌக்கியமாக இருப்பவர்கள், படுத்திருப்பவர்களுக்கு எழுதியவை. வலியின் நடுவிலிருந்து வராத வார்த்தை வலிக்குள் போய்ச் சேருவதில்லை.

இதை உணர்ந்ததும் அவர் ஒரு காரியம் செய்தார். தமக்குக் குணமான பிறகு எழுதலாம் என்று காத்திருக்காமல், வலி இருக்கும்போதே, தம்மைப் போல் படுத்திருக்கும் மற்றவர்களுக்குக் கடிதங்கள் எழுதினார். 1933-ல் அவை ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்ற புத்தகமாக வந்தன. முட்செடியில் பூத்த ரோஜா என்று சொல்லலாம். படுக்கையில் இருந்தபடியே அவர் எழுதிய புத்தகங்கள் பத்துக்கும் மேல். அவற்றைத் தவிர, டோனாவூர்க் குடும்பத்தாருக்குத் தினசரி எழுதி அனுப்பிய சிறு குறிப்புகள் வேறு! அம்மை படுத்திருந்த அந்த வருஷங்களில்தான் ‘பரம சுகசாலை’ என்ற டோனாவூர் ஆஸ்பத்திரியும் வளர்ந்தது.

வலி நல்லது என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. டாக்டர்களின் சிகிச்சையையும் மறுக்கவில்லை. இன்றைக்குத் தம்மால் எது முடியும் என்று பார்த்து, அதைச் செய்தார். கால் போனது, கை இருந்தது. கையில் பேனா இருந்தது.

யார் செய்த பாவம்?

நோயாளியை வலியை விட அதிகமாக வருத்துகிற ஒரு பேச்சு உண்டு. நம்மவர்கள் “என்ன கர்மமோ!” என்பார்கள். கிறிஸ்துவர்களில் சிலர், “விசுவாசம் போதாது, இருந்தால் குணமாகியிருக்குமே!” என்பார்கள். வார்த்தை வேறு, குத்துகிற ஊசி ஒன்றுதான்.

கிறிஸ்துவ வேதமே இதற்கு இடம் கொடுக்கவில்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று ஏசுநாதர் சொன்னதாக யோவான் எழுதியிருக்கிறார். பவுல் அப்போஸ்தலருக்கு உடம்பில் முள் தைத்தாற்போல் ஓர் உபாதை இருந்தது. அதை நீக்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, அதைத் தாங்குவதற்கான அருள் கிடைத்தது. பவுலுக்கு விசுவாசம் போதாது என்று யார் சொல்லத் துணிவார்கள்?

நம் மயிலாப்பூருக்கே சொந்தமான ஒரு கதையும் இருக்கிறது. சாந்தோம் ஆலயம், தோமையார் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் நிற்கிறது என்பது பரம்பரை நம்பிக்கை. அந்தத் தோமையார்தான், காயத்தைத் தொட்டுப் பார்த்தால் ஒழிய நம்பமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர். உயிர்த்தெழுந்த பிறகும் ஏசுநாதரின் மேனியில் ஆணித் தழும்புகள் மறையவில்லை. அவற்றைக் காட்டித்தான் தோமையாரின் சந்தேகத்தைத் தீர்த்தார் என்கிறது வேதம். காயமே அடையாளமாகிவிட்டது!

1986 பிப்ரவரியில் அந்தச் சாந்தோம் ஆலயத்துக்கு வந்தவர் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால். பிற்பாடு அவரையே பார்க்கின்ஸன் வியாதி பிடித்தது. கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. ஆயினும், 2005 ஏப்ரலில் காலமாகும் வரையில் தம்முடைய தளர்ச்சியை ஜனங்களிடமிருந்து அவர் ஒளிக்கவில்லை. பிப்ரவரி 11-ம் தேதியை உலக நோயாளர் தினமாக ஏற்படுத்தியவரும் அவரே. 1993-ல் தொடங்கிய அந்தத் தினத்தின் பத்தாவது விழா, 2002-ல் நம் வேளாங்கண்ணியிலேயே நடந்தது.

உட்கார்ந்தபடியே ஓர் ஆபரேஷன்

இரண்டாவது பெண்மணி, வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் மேரி வர்கீஸ். கொச்சிக்குப் பக்கத்திலுள்ள செராய் என்ற ஊரில் 1925-ல் பிறந்தவர். பிரசவ வைத்தியத்திலும் பெண்கள் நோய்களிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்பது அவருடைய ஆசை. 1954 ஜனவரி 30-ம் தேதி, நண்பர்களோடு உல்லாசப் பயணம் போன இடத்தில் மோட்டார் வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பெரிய காயம். முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போயிற்று. வயது 28.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களின் கஷ்டம், நடக்க முடியவில்லை என்பதோடு நிற்பதில்லை. உணர்ச்சி இல்லாத உடம்பு ஒரே நிலையில் கிடந்தால் புண் வைத்துவிடும். இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்கவேண்டும். சிறுநீர் கழிப்பதற்கும் பிறர் உதவி வேண்டும். ஒரு டாக்டருக்கு இதெல்லாம் முன்கூட்டியே தெரியும் என்பது இன்னும் கொடுமை.

அப்போது வேலூரில் குஷ்டரோகிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் சிகிச்சையில் பெயர் பெற்றிருந்தவர் டாக்டர் பால் பிராண்ட். நம் கொல்லி மலையில் வளர்ந்தவர். முன்னங்கையில் நன்றாக வேலை செய்யும் ஒரு தசைநாரை எடுத்து, உள்ளங்கை வழியாக விரல்களுக்கு மாற்றிப் பொருத்துவார். மடங்கிய கை மறுபடியும் டம்ளரைப் பிடிக்கும். அந்த ஆபரேஷனை நிற்காமல் உட்கார்ந்தபடியே செய்யலாம் என்பது அவருக்குத் தோன்றியது. மேரியிடம் சொன்னார்.

சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மேரி கத்தியைப் பிடித்தார். கால் இல்லாதவர் கை இல்லாதவர்களுக்குக் கை கொடுத்தார் என்று சொன்னால் அது அலங்காரம் அல்ல, நடந்தது அதுவேதான். பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குப் போய்ச் சிகிச்சையும் பயிற்சியும் பெற்றார். நியூயார்க்கில் டாக்டர் ஹோவார்ட் ரஸ்க்கின் நிலையத்தில், அங்கவீனர்களுக்கு மறுவாழ்வு தரும் வைத்தியத்தைப் படித்தார். 1963-ல் வேலூரில் அதற்கென்று ஏற்பட்ட பகுதிக்குத் தலைவியானார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையமே எழுந்தது. 1972-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986 டிசம்பரில் அவர் காலமானார்.

தென்னை மரத்திலிருந்து விழுந்தவர்களும் விபத்தில் அடிபட்டவர்களும், இனி வாழ்க்கையே இல்லை என்று அங்கே வந்து சேருவார்கள். டாக்டர் அம்மாள் தம்முடைய நாற்காலியை உருட்டிக்கொண்டு அவர்கள் கட்டிலண்டை வருவார். அதற்கு மேல் உபதேசம் எதற்கு?

நம் வீட்டில்...

மேரியின் கால்கள் கடைசி வரையில் திரும்பி வரவில்லை. அம்மையின் வலியும் போகவில்லை. நம்பிக்கை அவர்களுக்குச் சுகத்தைத் தரவில்லை; மறு நாள் காலையில் கண் விழிப்பதற்கு ஒரு காரணத்தைத் தந்தது. இருவரும் வைத்தியத்தைக் கைவிட்டவர்கள் அல்லர் என்பதையும் மறக்கக் கூடாது. ஒருவர் ஆஸ்பத்திரியை வளர்த்தார். மற்றவர் டாக்டராகவே இருந்தார். சாமிக்கு நேர்ந்துகொண்டோம் என்று இன்சுலின் ஊசியையும் மாத்திரையையும் நிறுத்துகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் மாமியாரோ, தாயாரோ, கணவரோ நெடுநாளாகப் படுத்திருக்கலாம். “இன்றைக்கு எப்படி இருக்கிறது?” என்று தினமும் கேட்பதோடு, “இன்றைக்கு இதைச் செய்து தருகிறீர்களா?” என்றும் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். கீரை ஆய்வதோ, பேத்திக்கு வாய்ப்பாடு ஒப்புவிக்க வைப்பதோ, ஊரிலுள்ள உறவினருக்கு நாலு வரி எழுதுவதோ, அவரால் முடிந்த எதுவானாலும் சரி. முடியாத நாளில் வற்புறுத்த வேண்டாம். அவரைப் பார்த்துக்கொள்கிற நீங்களும், வாரத்தில் ஒரு மாலையாவது பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுக் கோயிலுக்கோ கடற்கரைக்கோ போய் வாருங்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

டோனாவூரில் அம்மையின் சமாதிக்குக் கல்லறைக் கல் கிடையாது. பறவைகள் நீர் குடிக்க ஒரு கல் தொட்டியை வைத்து, அதில் ‘அம்மை’ என்ற ஒரே வார்த்தையைப் பொறித்திருக்கிறார்கள். இருபது வருஷம் அசையாமல் படுத்திருந்தவரின் நினைவாக, தாகத்தோடு வருகிற குருவிகளுக்குத் தண்ணீர்!