ஆய்வக எலிகளில் ஊசிப்புழு: ஒரு கூண்டுகூட விடுபடக் கூடாது

நோய் தெரியாத தொற்று

நாம் விழுங்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை முதலில் ஒரு சுண்டெலியின் உடலைக் கடந்து வந்தவை. அந்த எலியின் குடலில் வேறொரு உயிர் குடியிருந்தால், ஆய்வில் கிடைத்த விடை மருந்தால் வந்ததா, அந்த உயிரால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வக எலிக் காலனிகளில் இப்படி அடிக்கடி குடியேறுவது ஊசிப்புழு. குழந்தைகளுக்கு இரவில் ஆசனவாயில் அரிப்பை உண்டாக்கும் கீரிப்பூச்சிக்கு இது உறவு. ஆனால் வேறு இனம். சுண்டெலிகளிடம் முக்கியமாக இரண்டு வகை காணப்படும்: சைஃபேசியா ஒப்வெலாட்டா, ஆஸ்பிகுலூரிஸ் டெட்ராப்டெரா. புழு மிகுந்த எலிக்குக் குதம் வெளித்தள்ளலாம், வளர்ச்சி குன்றலாம். மற்றபடி தொற்றிய எலி நன்றாகத் தின்னும், ஓடும், குட்டி போடும். பார்வைக்கு எந்தக் குறையும் இருக்காது.

அதனால்தான், "எலிக்கு நோயே இல்லையே, இதற்கு ஏன் இவ்வளவு பாடு?" என்ற கேள்வி விலங்குக்கூடங்களில் எழுகிறது. நோய் வெளியே தெரியாததுதான் இங்கே ஆபத்து. காய்ச்சல் கண்ட எலியை ஆய்விலிருந்து விலக்கிவிடுவார்கள். புழு இருக்கும் எலி கணக்கில் சேர்ந்துவிடும். குடற்புழு, உடலின் எதிர்ப்பாற்றலை ஒவ்வாமை சார்ந்த பக்கம் சாய்க்கிறது. அழற்சியைத் தணிக்கவும் செய்கிறது. சைஃபேசியா தொற்றிய எலிகளுக்குச் செயற்கையாக உண்டாக்கப்படும் மூட்டுவாதம் மட்டுப்படுகிறது என்று 1975-லேயே ஓர் ஆய்வு காட்டியது. மூட்டுவலி மருந்தொன்றை அத்தகைய காலனியில் சோதித்தால் என்ன ஆகும்? மருந்தே பெறாத எலிக்கும் வீக்கம் குறைந்திருக்கும். நல்ல மருந்து பயனற்றதாகத் தோன்றும். அதைக் கைவிட்டுவிடவும் கூடும்.

முட்டையின் நாள்கணக்கு

மருந்து எத்தனை நாள், கூண்டை எப்போது மாற்றுவது, எந்தச் சோதனை செய்வது என்ற எல்லாவற்றையும் முட்டையின் நாள்கணக்குதான் தீர்மானிக்கிறது. சைஃபேசியாவின் பெண்புழு குருட்டுக்குடலிலிருந்து இறங்கி, ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலில் முட்டைகளை ஒட்டிவைக்கிறது. அவை சில மணி நேரத்திலேயே தொற்றும் தன்மை அடைகின்றன. எலி தன் உடலை நக்கிச் சுத்தம் செய்யும்போதே மறுபடி விழுங்கிவிடும். விழுங்கிய நாளிலிருந்து அடுத்த தலைமுறை முட்டை வெளிவர 11 முதல் 15 நாள் ஆகும். ஆஸ்பிகுலூரிஸ் அப்படியல்ல. அது பெருங்குடலில் வாழ்ந்து, முட்டையைப் புழுக்கையோடு வெளியே விடுகிறது. அந்த முட்டை தொற்றும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். விழுங்கியபின் சுழற்சி முடிய 23 முதல் 25 நாள். ஆகவே, ஒரு வாரம் முடியும் முன்பே கூண்டையும் மரச்சீவலையும் மாற்றிவிட்டால் ஆஸ்பிகுலூரிஸின் முட்டை பழுக்கும் முன்பே வெளியேறிவிடும். சைஃபேசியாவுக்கு இது பெரிய தடையல்ல. அதன் முட்டை எலியின் தோலிலேயே இருக்கிறது.

கண்டுபிடிக்கும் வழியும் இதைப் பொறுத்தே மாறுகிறது. எலியின் வாலைத் தூக்கி, ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவின் ஒரு சிறு துண்டை ஆசனவாயில் அழுத்தி எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி நுண்ணோக்கியில் வைத்தால், ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைந்தும் வாழைப்பழ வடிவில் சைஃபேசியா முட்டைகள் தெரியும். நீளம் 0.12 முதல் 0.15 மில்லிமீட்டர். அதே நாடாவில் ஆஸ்பிகுலூரிஸைத் தேடிப் பயனில்லை. அதற்குப் புழுக்கையை உப்புக்கரைசலில் மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டும், அல்லது பிசிஆர் செய்ய வேண்டும். நாடாச் சோதனையை மட்டும் செய்துவிட்டு "எங்கள் காலனி சுத்தம்" என்று அறிவிப்பது பாதி உண்மைதான். எத்தனை எலிகளைச் சோதிப்பது என்பதும் முக்கியம். பாதி எலிகளுக்குத் தொற்று இருந்தால் 5 எலிகளைப் பார்த்தாலே ஒன்றாவது பிடிபட 95 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு உண்டு. பத்தில் ஒன்றுக்கு மட்டும் இருந்தால், அதே உறுதிக்கு 29 எலிகள் வேண்டும். இதுகூட ஒருபோதும் தவறாத சோதனைக்கான கணக்கு. தொற்று குறைந்திருக்கும் காலத்தில்தான் அது நம் கண்ணுக்கு எளிதில் தப்புகிறது.

தொற்றிய கூண்டுக்கு மட்டும் மருந்து போதாதா?

செலவைக் குறைக்க இப்படி யோசிப்பது இயல்பு. ஆனால் மேற்சொன்ன கணக்கே இதற்குப் பதில். சோதனையில் "இல்லை" என்று வந்த கூண்டுகளில் ஒரு பகுதி உண்மையில் தொற்றியவை. அவை மருந்தில்லாமல் இருக்கும்வரை, தூசியிலும் கையுறையிலும் உபகரணங்களிலும் ஒட்டிய முட்டைகள் குணமான கூண்டுகளுக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். மருந்து தோற்றுவிட்டது என்ற பேச்சு பல நேரம் இப்படித்தான் கிளம்புகிறது. தோற்றது மருந்தல்ல, அதைக் கொடுத்த பரப்பு.

இன்று அதிகம் கையாளப்படும் மருந்து ஃபென்பென்டசோல். ஒரு கிலோ தீவனத்தில் 150 மில்லிகிராம் கலந்து, ஒரு வாரம் விட்டு ஒரு வாரமாகவோ, இடைவிடாமலோ கொடுப்பது வழக்கம். வளர்ந்த புழுவோடு அதன் இளம்பருவத்தையும் முட்டையையும் தாக்குவதுதான் இதன் பலம். ஒரு சுழற்சிக்கும் மேலாகக் கொடுக்க வேண்டும் என்பதால் எட்டு வாரம்வரை நீட்டுகிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. பால்குடிக் குட்டிகளுக்கு மருந்து சரியாகப் போய்ச் சேராது. மூன்றாவது வாரவாக்கில் தீவனத்தைக் கொறிக்கத் தொடங்கிய பிறகுதான் அவை பாதுகாப்பு வளையத்துக்குள் வருகின்றன.

அறை முழுவதையும் கிருமிநாசினியால் தேய்த்துக் கழுவாமல் மருந்து மட்டும் என்ன செய்யும் என்று கேட்கலாம். இந்த முட்டைகள் சாராயத்துக்கும் வழக்கமான கிருமிநாசினிகளுக்கும் எளிதில் மசியாது. வெப்பமே நம்பகமான வழி என்பது உண்மை. ஆயினும் 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், அறையைத் தனியாகச் சுத்திகரிக்காமல் ஃபென்பென்டசோல் தீவனத்தால் மட்டுமே சுண்டெலியைவிடப் பெரிய ஆய்வக எலிகளிலிருந்து (rat), அவற்றின் ஊசிப்புழுவான சைஃபேசியா முரிஸ் ஒழிக்கப்பட்டது. இது எப்படிச் சாத்தியம்? எல்லா எலியும் மருந்துத் தீவனம் தின்னும்போது, அறையில் மிச்சமிருக்கும் முட்டையை எந்த எலி விழுங்கினாலும் அதிலிருந்து வரும் புழு முட்டையிடும் வயதை எட்டாது. எலிகளே அறையைச் சுத்தம் செய்துவிடுகின்றன. மருந்தில்லாத ஒரே ஒரு கூண்டு இருந்தாலும் இந்த வழி அடைபட்டுப் போகும். கூண்டுகளை வெந்நீரில் கழுவுவதும் நீராவியில் சூடேற்றுவதும் வேண்டியவையே. ஆனால் உழைப்பையும் பணத்தையும் எங்கே முதலில் போடுவது என்றால், ஒரு கூண்டும் விடுபடாமல் தீவனம் போய்ச் சேர்வதில்தான் போட வேண்டும்.

மருந்தே ஆய்வைக் கெடுக்காதா?

எதிர்வாதங்களில் வலுவானது இதுதான்; இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆம்ஸ்டர்டாமில் உள்ள நெதர்லாந்து புற்றுநோய் நிறுவனத்தில் ஒரு குறிப்பிட்ட மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு, உண்ணியை ஒழிக்க வழக்கம்போல் ஐவர்மெக்டின் தெளித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை இறந்துபோயின. அந்த மரபணு, மூளைக்குள் மருந்து நுழையாமல் தடுக்கும் புரதத்துக்கானது. அது இல்லாத எலிகளின் மூளையில் ஐவர்மெக்டின் 80 மடங்குக்கும் மேல் சேர்ந்திருந்ததை 1994-இல் வெளியான அவர்களின் கட்டுரை காட்டியது. எலியின் மரபு தெரியாமல் ஐவர்மெக்டினைத் தொடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஃபென்பென்டசோலும் முற்றிலும் சாதுவல்ல. ஊசிப்புழுவுக்காக அதைத் தீவனத்தில் கொடுத்தபோது, ஒட்டவைத்த மனித லிம்ஃபோமா கட்டிகள் எலிகளில் வளர மறுத்தன; தீவனத்தில் கூடுதலாக இருந்த வைட்டமின்களும் மருந்தும் சேர்ந்தே அந்த விளைவைத் தந்தன என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் எழுதினார்கள். (இதைப் படித்துவிட்டுக் கால்நடைப் புழுமருந்தைப் புற்றுநோய்க்குத் தாமாக எடுத்துக்கொள்வோர் இருக்கிறார்கள். எலிகளில் கண்ட இந்த முடிவு மனித சிகிச்சைக்குச் சான்றல்ல; அப்படிச் செய்ய வேண்டாம்.)

இந்தச் சான்றுகள் மருந்தைத் தவிர்க்கச் சொல்லவில்லை. அங்கொரு கூண்டுக்கும் இங்கொரு கூண்டுக்கும் பல ஆண்டுகள் மருந்து கொடுத்தால், ஆய்வுகள் எல்லாமே மருந்தும் புழுவும் கலந்த சூழலில் நடக்கும். முழுக் காலனிக்கும் ஒரே சுற்றாக, தேதி குறித்து, நடக்கும் சோதனைகளை முன்பே முடித்தோ தள்ளிவைத்தோ கொடுத்தால், கலப்படம் அந்த எட்டு வாரத்தோடு நின்றுவிடும். மருந்தே ஆகாத அரிய மரபு எலிகளுக்கு வேறு வழி இருக்கிறது. கருவை எடுத்துக் கழுவி, சுத்தமான தாயின் கருப்பையில் வைக்கலாம்; ஊசிப்புழுவின் முட்டை கருவோடு போவதில்லை.

சுற்று முடிந்த பிறகு

மருந்தை நிறுத்திய உடனே செய்யும் சோதனை பொய்த் தைரியத்தைத் தரும். ஆஸ்பிகுலூரிஸின் சுழற்சியாவது கடக்க வேண்டும். அதனால் நான்கு வாரத்துக்குப் பின் முதல் சோதனையும், அடுத்த சில மாதங்களில் மீண்டும் மீண்டும் சோதனையும் தேவை. பால்மறந்த இளம் எலிகளிடம்தான் புழு அதிகம் தங்கும். வயது ஏறினால் எதிர்ப்பு வந்துவிடும். ஆகவே மாதிரி எடுக்கும்போது கிழ எலிகளை மட்டும் பிடிப்பது வீண். மரபு மாற்றப்பட்ட எலிகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் கைமாறும் காலம் இது. அனுப்பும் இடத்திலிருந்து எந்தச் சான்றிதழ் வந்தாலும், புது எலிகள் தனியறையில் இருந்து, நாடா, புழுக்கை இரண்டு சோதனைகளிலும் தேறிய பிறகே உள்ளே வர வேண்டும். மருந்துத் தீவனம் கொடுத்த தேதிகளை, அந்த எலிகளை வைத்து எழுதப்படும் ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையும் சொல்ல வேண்டும்.