பாட்டி போட்ட போட்டோ

பேரன் படத்தை நாலு பேருக்குக் காட்டினாள் என்பதற்காக ஒரு பாட்டியைக் கோர்ட்டுக்கு இழுப்பார்களா? இழுத்திருக்கிறார்கள்! நம் ஊரில் அல்ல, நெதர்லாந்தில். 2020-ஆம் ஆண்டு மே மாதம் கெல்டர்லாந்து கோர்ட்டில் தீர்ப்பான வழக்கு இது.

பேரக் குழந்தைகளின் படங்களைப் பாட்டி பேஸ்புக்கிலும் பின்டரெஸ்டிலும் போட்டாள். எடுத்துவிடும்படி குழந்தைகளின் தாய் பல தடவை சொல்லிப் பார்த்தாள், பாட்டி கேட்கவில்லை. தாய்க்கும் பாட்டிக்கும் ஏற்கெனவே மனஸ்தாபம் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். கடைசியில் கோர்ட்டு உத்தரவு போட்டது: பத்து நாளைக்குள் படங்களை எடுத்தாக வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 50 யூரோ வீதம், 1000 யூரோ வரை அபராதம்!

பேரன்களில் ஒருவன் பல வருஷம் அந்தப் பாட்டியிடமே வளர்ந்தவனாம். அவன் படத்தை எடுத்துவிட அவளுக்கு மனம் வராததில் ஆச்சரியம் என்ன? பாட்டியின் பாசத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. ஐரோப்பாவில் 2018-இல் அமலுக்கு வந்த அந்தரங்கத் தகவல் சட்டம்கூட, வீட்டோடு நடக்கிற காரியங்களில் தலையிடுவதில்லை. ஆனால் பேஸ்புக்கில் போட்ட படம் வீட்டோடு நிற்கும் என்று சொல்ல முடியாது, அது மூன்றாம் மனிதர் கைக்குப் போகலாம் என்று ஜட்ஜ் கருதினார்.

அவர் கருதியது சரிதானே? முன்பெல்லாம் விருந்தாளி வந்தால் ஆல்பத்தைக் காட்டுவோம். பார்த்து முடித்ததும் அது பீரோவுக்குத் திரும்பிவிடும். இப்போது வாட்ஸப் 'ஸ்டேட்டஸ்' இருக்கிறதே, நீங்களாக மாற்றி வைத்தால் ஒழிய, உங்கள் போனில் நம்பர் பதிந்துள்ள அத்தனை பேருக்கும் அது உரியது. அவர்கள் போனில் உங்கள் நம்பர் இருந்தால் போதும். வீட்டுத் தரகர், என்றோ குழாய் ரிப்பேருக்கு வந்தவர், எல்லாரும் பார்க்கலாம். 24 மணி நேரத்தில் மறைந்துவிடுமே என்பீர்கள். பிரதி எடுத்துக்கொள்ள ஒரு நொடி போதாதா? சட்டைப் பையில் உள்ள பள்ளிக்கூட முத்திரை ஒன்றே, குழந்தை தினமும் எந்த வாசலில் வந்து நிற்கும் என்பதைச் சொல்லிவிடுமே!

வேடிக்கை என்னவென்றால், குழந்தையின் கன்னத்தில் மைப் பொட்டு வைத்து, உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிற அதே அத்தைதான், குழந்தையைக் குளிப்பாட்டும் படத்தை உறவுக்காரர்கள் 'குரூப்'பில் போடுகிறாள். ஊர்க் கண் படக்கூடாது என்ற கவலை எங்கே போயிற்றோ!

சரி, பெற்றவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிடலாமே என்கிறீர்களா? தன் தாயாரிடம் சொல்லலாம். மாமியாரிடம் மருமகள் எப்படிச் சொல்வாள்? "என் பேரனை நான் காட்டக்கூடாதா?" என்ற ஒரு வார்த்தை போதும், ஆறு மாதத்துக்குப் பேச்சு வார்த்தை நின்றுவிடும். எத்தனையோ பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். இந்த இடத்தில் பிள்ளையாண்டான்தான் வாயைத் திறக்க வேண்டும். "அம்மா, நானும் அவளும் சேர்ந்து முடிவு செய்தோம்" என்று அவன் சொன்னால், பழி மருமகள் தலையில் மட்டும் விழாது. அதையும் பிரசவ ஆஸ்பத்திரியிலேயே, முதல் படம் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது உத்தமம்.

நம் நாட்டில் 2023-இல் இயற்றிய தகவல் பாதுகாப்புச் சட்டம், தனி மனிதர்கள் சொந்தக் காரியத்துக்கோ வீட்டுக் காரியத்துக்கோ செய்வதை விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே, மாமியார்களே, பயப்படாதீர்கள்! ஆனால் "போடட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். குழந்தைக்கு விவரம் தெரிந்துவிட்டால் அவனையும் கேளுங்கள். மொட்டை அடித்த தலையோடு அழுத படத்தைப் பள்ளித் தோழர்கள் பார்ப்பது எட்டு வயதுப் பையனுக்குச் சாமானிய விஷயம் அல்ல.

மருமகள்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'போடாதீர்கள்' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நல்ல படமாக ஒன்றைப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுப் பாட்டி கையில் கொடுங்கள். கூடத்தில் மாட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஆசை தீரக் காட்டட்டும்.