கட்டி வைப்பதற்கு ஆகும் செலவு

நமது ஊர்களில் எல்லோரும் ஒரு தடவையாவது கண்டோ கேட்டோ இருக்கக்கூடிய காட்சி இது. நான்கு நாட்களாக உறங்காத ஓர் இளைஞனோ, அண்மையில் பிள்ளை பெற்ற ஒரு தாயோ நள்ளிரவில் சத்தமிடத் தொடங்குகிறார். யாரோ தன்னைக் கொல்ல வருவதாகச் சொல்கிறார். பிடிக்க வந்த வாப்பாவைத் தள்ளி விடுகிறார். அயல்வீட்டார் கூடிவிடுகிறார்கள். ஒருவர் ஓதிப் பார்க்கச் சொல்கிறார். இன்னொருவர் கயிறு தேடுகிறார். கடைசியில் கை கால் கட்டப்பட்ட நிலையில் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள்.

மனநல மருத்துவம் இந்த நிலையைக் கொந்தளிப்பு என்று பார்க்கிறது. அது தனியொரு நோயல்ல; காய்ச்சலைப் போல ஓர் அறிகுறி. மனச்சிதைவு நோயிலும், அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ நோயிலும், பிரசவத்தின் பின் சிலருக்கு ஏற்படும் கடுமையான உளநோயிலும் அது வரலாம். ஐஸ் போன்ற போதைப்பொருளாலும் வரலாம். சீனி திடீரெனக் குறைந்தவரும், கிருமித் தொற்றால் காய்ச்சல் கண்ட முதியவரும், சிறுநீர் அடைத்து வேதனைப்படுபவரும் இதே போல நடந்துகொள்வதுண்டு. ஆகவே கட்டுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். சீனி பார்க்கும் ஒரு சிறு பரிசோதனை சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டால் உயிரே போகக்கூடும்.

இவ்வாறு கொண்டுவரப்பட்டவரை அமைதிப்படுத்த என்ன செலவாகும்? பெற்றோரைக் கேட்டால், அரசாங்க ஆஸ்பத்திரிதானே, செலவு இல்லை என்பார்கள். கட்டிலோடு கட்டி வைப்பதுதான் எல்லாவற்றிலும் மலிவு என்ற எண்ணமும் பலருக்கு உண்டு. ஒரு முழத் துணி போதுமே! ஆனால் கணக்கை எழுதிப் பார்த்தவர்கள் வேறு முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பதின்ம வயதினருக்கான மனநல விடுதி ஒன்றில் எடுத்த கணக்கு 2005இல் வெளியானது. ஒருவரை ஒரு மணிநேரம் கட்டி வைப்பதற்குள் 25 விதமான வேலைகள் அடங்கியிருந்தன. பிடிப்பதற்குப் பலர் வேண்டும்; கட்டியபின் பக்கத்தில் ஒருவர் இருந்து மூச்சையும் நாடியையும் பார்க்க வேண்டும்; வைத்தியர் வந்து பார்க்க வேண்டும்; பதிவேட்டில் எழுத வேண்டும்; குடும்பத்துக்கு அறிவிக்க வேண்டும்; காயப்பட்டவர்களைக் கவனிக்க வேண்டும். எல்லாமாகச் சேர்த்து அந்த ஒரு மணிநேரம் ஊழியர்களின் கிட்டத்தட்ட 12 மணிநேரத்தை விழுங்கியது. ஆண்டுக்கு 3,991 தடவை அவ்வாறு கட்டினார்கள். செலவு 14 இலட்சம் டொலருக்கும் அதிகம், அதாவது விடுதியின் நடைமுறைச் செலவில் ஏறத்தாழ 40 வீதம். பிறகு ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கட்டுவதை 373 தடவையாகக் குறைத்தபோது அந்தச் செலவு ஒரு இலட்சத்துப் பதினேழாயிரம் டொலராக இறங்கியது.

இங்கிலாந்தில் 2008இல் வெளியான ஆய்வொன்றும் இதையொத்ததே. கடுமையான நோயாளர் விடுதிகளில் சச்சரவுகளைச் சமாளிப்பதற்கும் நோயாளரைக் கட்டுப்படுத்துவதற்குமே தாதியரின் உழைப்பில் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது என்று அது கண்டது. மீதிப் பாதியில்தான் மருந்து, பேச்சு, ஆறுதல் எல்லாம்.

அந்த நாடுகளின் டொலரும் பவுணும் நமக்குப் பொருந்தா. அங்கே தாதியின் ஒரு மணிநேரச் சம்பளம் பெரிது, மருந்து அதற்குச் சிறிது. நமது நாட்டில் ஆள் செலவு குறைவு. ஆனால் ஆளே குறைவு. இரவில் முழு விடுதியையும் இரண்டொரு தாதியர் பார்க்கும் இடத்தில், ஒருவரைப் பிடிக்க எல்லோரும் ஓடினால் மற்ற நோயாளரை யார் பார்ப்பது? இந்த இழப்பு எந்தப் பற்றுச்சீட்டிலும் வராது.

மருந்துக் கணக்கை நமக்கு அருகிலேயே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், கொந்தளித்த நிலையில் கொண்டுவரப்பட்ட 300 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. ஒரு பகுதியினருக்குப் புதிய, விலை கூடிய ஒலான்சபின் ஊசி. மற்றவர்களுக்கு ஹலோபெரிடோல், புரொமெத்தசின் என்னும் இரண்டு பழைய, மலிவான மருந்துகள் சேர்ந்த ஊசி. இரண்டுமே விரைவில் அமைதிப்படுத்தின. ஆனால் நான்கு மணிநேரத்துக்குள் மீண்டும் மருந்து தேவைப்பட்டோர் புதிய ஊசி பெற்றவர்களில் 43 வீதம். பழைய ஊசிகள் பெற்றவர்களில் 21 வீதம் மட்டுமே. புதியது, விலை கூடியது என்றால் சிறந்தது என்று நினைக்கும் நமக்கு இது நல்ல பாடம்.

அதற்காக எந்த மலிவும் நல்லதென்று ஆகிவிடாது. இந்த இரண்டில் புரொமெத்தசின் ஒவ்வாமைக்கும் கொடுக்கப்படும் சாதாரண மருந்து. அதை விட்டுவிட்டு ஹலோபெரிடோலை மட்டும் போட்டால் என்ன என்று தோன்றலாம். பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் அதையும் சோதித்தார்கள். தனியாகப் போடப்பட்டவர்களில் பத்துப் பேருக்குக் கழுத்து, தாடை, கண் போன்ற இடங்களின் தசைகள் இழுத்துக்கொண்டன. சேர்த்துப் போடப்பட்டவர்களில் ஒருவருக்கும் அப்படி ஆகவில்லை. ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். சில ரூபாய் மிச்சம் பிடித்த ஊசியால் கழுத்து இழுத்துக்கொண்ட ஒருவர், மறுபடி அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பாரா? (எந்த மருந்து, எவ்வளவு என்பது வைத்தியரின் முடிவு. வீட்டில் தூக்க மாத்திரையைத் தேநீரில் கலந்து கொடுக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள்.)

இதிலே பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பெண்ணைப் பல ஆண்கள் சேர்ந்து அழுத்திப் பிடிக்கிறார்கள், தலைமறைப்பு விலகுகிறது, சுற்றி நிற்பவர்கள் பார்க்கிறார்கள். சுகமான பிறகு அவளுக்கு நோயின் பல விடயங்கள் மறந்துபோகலாம். இது மறப்பது கடினம். கிளினிக்குக்கு வர மறுக்கிறாள். மருந்து நிற்கிறது. சில மாதங்களில் திரும்பவும் அதே நள்ளிரவு. குப்புறப் போட்டு அழுத்தினால் மூச்சடைத்து மரணமே நேரலாம் என்பதையும், நீண்ட நேரம் அசையாமல் கட்டுண்டு கிடந்தால் காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம் என்பதையும் உதவிக்கு வரும் அயலவர்கள் அறிந்திருப்பதில்லை.

கட்டி வைப்பதன் மிகப்பெரிய விலை கொடுக்கப்பட்ட இடம் ஏர்வாடி. இலங்கை முஸ்லிம்கள் பலரும் ஸியாரத்துக்குப் போய்வந்த ஊர்தான். இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள அந்தத் தர்காவைச் சுற்றித் தனியார் மனநோயாளர் இல்லங்கள் பல இருந்தன. குடும்பங்கள் பணம் கட்டி நோயாளரை விட்டுவிட்டுப் போகும். இல்லத்தில் பராமரிப்பாளர்கள் சொற்பம். சங்கிலி என்பது சம்பளம் கேட்காத காவலாளி. 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி அதிகாலையில் அவற்றில் ஓர் இல்லத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடைசெய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியில்லாதபோது மட்டும் கட்டுப்படுத்தலாம் என்கிறது. ஊழியர் பற்றாக்குறையை மாத்திரம் காரணமாகக் காட்டி எவரையும் கட்டக் கூடாது என்றும் தெளிவாக எழுதியிருக்கிறது. எனக்கு அந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஏர்வாடியில் பின்னர் தர்காவுக்கு வருவோருக்கு மருந்தும் துஆவும் ஒன்றாகக் கிடைக்கும் வகையில் அரசு சிகிச்சை நிலையம் ஏற்படுத்தப்பட்டது. ஓதிப் பார்ப்பவரும் வைத்தியரும் எதிரிகளாக இருக்க வேண்டியதில்லை.

முஸ்லிம் உலகில் இதற்குப் பணம் ஒதுக்கியவர்கள் இருந்திருக்கிறார்கள். சுல்தான் இரண்டாம் பயஸீத் 1488இல் எதிர்னே நகரில் கட்டிய வைத்தியசாலையில் நோயாளரை அமைதிப்படுத்த நீரூற்றின் ஓசையும் இசையும் பயன்பட்டன. வாரத்தில் மூன்று நாட்கள் இசைக்கலைஞர்கள் வந்தார்கள் என்று 17ஆம் நூற்றாண்டின் பயணி எவ்லியா செலபி எழுதுகிறார். அங்கும் சங்கிலிகள் இருந்ததை அவரே சொல்கிறார், ஆகவே அதைச் சொர்க்கமாகக் காட்டத் தேவையில்லை. ஆனால் வக்பு வருமானத்தில் நடந்த ஓரிடத்தில் நோயாளியின் மன அமைதிக்கென்றே சிலருக்குச் சம்பளம் கொடுக்கப்பட்டது.

நமது நாட்டில் உளநோய் பற்றிய கட்டளைச் சட்டம் 1873இல் பிறந்தது, 1956இல் திருத்தப்பட்டது. நீண்ட காலம் பெரிய மனநல வைத்தியசாலைகள் கொழும்பைச் சுற்றியே இருந்தன. கல்முனையிலிருந்து அங்கொடைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். ஒரு வாப்பா கூலிவேலையை விட்டுவிட்டு இரவு பஸ் ஏறிப் போய்வரும் செலவை யார் கணக்கில் எழுதினார்கள்? அதோடு மொழி. சிங்களம் தெரியாத ஓர் உம்மா தாகம் என்று சொல்வது சிங்களத் தாதிக்கு விளங்காவிட்டால், அவர் சத்தமிடுவார். சத்தமிட்டால் அது கொந்தளிப்பு என்று பதியப்படும்.

2004 டிசம்பர் 26இல் சுனாமி நமது கரையை அடித்துச் சென்றபின் உளநலச் சேவை பற்றிய பார்வை மாறியது. 2005இல் வந்த தேசிய உளநலக் கொள்கை, சிகிச்சையைக் கொழும்பிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுவருவதை நோக்காகக் கொண்டது. இன்று மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உண்டு. ஆதார வைத்தியசாலைகளில் கிளினிக்குகள் நடக்கின்றன. நமது மொழி பேசுபவர் பக்கத்தில் இருப்பதே பாதி மருந்து.

பேச்சால் தணிப்பது எப்படி என்பதையும் தாதியர் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒருவர் மட்டும் பேச வேண்டும். இரண்டு கை நீளம் தள்ளி நிற்க வேண்டும். வாசலை மறிக்கக் கூடாது. கூட்டத்தை அனுப்பிவிட வேண்டும். அவர் காண்பதாகச் சொல்வதை இல்லையென்று வாதாடாமல், “பயமாக இருக்கிறதா? தண்ணீர் தரட்டுமா?” என்று கேட்க வேண்டும். பல வேளைகளில் ஐந்து நிமிடத்துக்குள்ளேயே பலன் தெரியும். எல்லோருக்கும் இது பலிக்காது. கையில் கத்தி இருப்பவரிடம் பேசிக்கொண்டு நிற்க முடியாது.

இவை எல்லாவற்றிலும் மலிவானது, கொந்தளிப்பு வராமலே பார்ப்பது. மருந்தை ஒழுங்காக விழுங்க முடியாதவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. அதைத் தவறவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம் சின்னது: கூட்டிப் போக ஆளில்லை, கிளினிக் வரிசையில் ஊரார் கண்டுவிடுவார்கள், பெண் கேட்டு வருபவர்களுக்குத் தெரிந்துவிடும். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது காரணம் நம் கையில் இருக்கவில்லை. மற்ற ஆண்டுகளில் அப்படிச் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நோயாளி கடைசியாக எப்போது உறங்கினார், எப்போது சாப்பிட்டார், எந்த மருந்தை எந்த நாளிலிருந்து நிறுத்தினார், சீனி, வலிப்பு, ஒவ்வாமை ஏதும் உண்டா என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். கிளினிக் கொப்பியையும் மறக்காதீர்கள். இரவில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். அங்கொடை வைத்தியசாலை திறக்கப்பட்ட ஆண்டும் அதுவே என்பதால் இலக்கத்தை நினைவில் வைப்பது இலகு.