நால்வரின் இசைவு

எங்கள் தெருவில் குடியிருக்கும் பொறியியல் மாணவர் ஒருவர், ஒரு நாள் மாலை, தம் லேப்டாப்பைத் திறந்தபடியே இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தார். இரண்டு இரவுகள் கண்விழித்து, பல ஜி.பி. அளவுள்ள மென்பொருளைப் பதிவிறக்கம் செய்து, உபுண்டுவில் படிப்படியாக நிறுவி, எல்லாம் செவ்வனே முடிந்தது என்ற அறிவிப்பையும் பெற்றபின், ஆசையோடு தம் முதல் நிரலை ஓட்டிப் பார்த்தாராம். ‘இக்கருவிக்கு ஏற்ற சாதனம் எதுவும் காணப்படவில்லை’ என்று பொருள்படும் ஒற்றை ஆங்கில வரி தோன்றி, அதோடு நின்றுவிட்டது. லேப்டாப்பின் மணிக்கட்டுப் பகுதியில் ஒட்டியிருந்த சிறு வில்லையை இருவருமாகக் குனிந்து படித்தோம். அவர் நிறுவியது என்விடியாவின் கருவித் தொகுதி. லேப்டாப்பில் இருந்ததோ வேறொரு நிறுவனத்தின் கிராபிக்ஸ் சிப்.

நிறுவல் கையேட்டின் முதற் பகுதியிலேயே இவ்விஷயம் சொல்லப்பட்டிருக்கிறது. ஆயினும் அவரிடம் குறை காண எனக்கு மனமில்லை. தேவைகளின் பட்டியலைக் கண்டதும் அதைச் சம்பிரதாயத்துக்காக அச்சிட்ட ஒரு பக்கம் என்று எண்ணித் தாண்டிச் செல்வது பெரும்பாலோர் வழக்கம். உண்மையில் அது சம்பிரதாயம் அன்று. நிரல் எழுதுவோருக்கான எந்தக் கருவித் தொகுதியும் அந்தரத்தில் நிற்பதில்லை. தனக்கு அடியில் உள்ள யந்திரத்தின்மீதும், அந்த யந்திரத்தை ஆளும் மென்பொருள்களின்மீதும் அது எங்கெங்கே சாய்ந்து நிற்கிறது என்பதை ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்ளும் வாக்குமூலமே அந்தப் பட்டியல். மாணவர் கொண்டுவந்த தொகுதியையே உதாரணமாக எடுத்துக்கொண்டு இதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

அதன் பெயர் கூடா டூல்கிட். ‘கம்ப்யூட் யூனிபைடு டிவைஸ் ஆர்க்கிடெக்சர்’ என்ற நீண்ட ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்கள் சேர்ந்து அமைந்த பெயர் அது. நம் மொழியில் அதே ஒலியுள்ள சொல்லுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. வீடியோ கேம்களின் திரையில் லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு வினாடிக்குப் பலமுறை நிறம் நிர்ணயிக்க வேண்டியிருப்பதால், ஒரே விதமான கணக்கை ஏராளமான சிறு உறுப்புக்கள் ஏககாலத்தில் செய்யும்படி கிராபிக்ஸ் சிப்புகள் அமைக்கப்பட்டிருந்தன. இந்தச் சக்தியைத் தங்கள் ஆராய்ச்சிக் கணக்குகளுக்கும் பயன்படுத்த விரும்பிய விஞ்ஞானிகள், ஆரம்பத்தில், எண்களை ஒரு சித்திரம் போல வேடமிட்டு அனுப்பி, விடையையும் ஒரு சித்திரத்திலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த இயன் பக் என்பவர், இந்த வேடம் தேவைப்படாத ‘ப்ரூக்’ என்ற மொழியை 2004இல் தம் சகாக்களுடன் வெளியிட்டு, பின்னர் என்விடியாவில் சேர்ந்து, அக்கருத்தை வளர்த்தார். 2006 நவம்பரில், 128 கணிப்பு உறுப்புக்கள் கொண்ட ஜீபோர்ஸ் 8800 ஜி.டி.எக்ஸ். என்ற கார்டு வெளிவந்தபோது கூடாவும் அறிவிக்கப்பட்டது. டூல்கிட்டின் முதற்பதிப்பு 2007இல் வந்தது.

கார்டுக்குள் நடக்கும் வேலையின் தன்மையை அறிய, நடவு நடக்கும் வயலை நினைத்துக்கொண்டால் போதும். வரிசையாக நின்று, ஒரே சமயத்தில் குனிந்து, ஒரே சமயத்தில் நாற்றை ஊன்றி, ஒரே சமயத்தில் ஓர் அடி பின்வாங்கும் பெண்களைப் போல, கார்டின் கணக்கு இழைகள் 32 பேர் கொண்ட வரிசைகளாக நகர்கின்றன. ஒரு வரிசைக்குள் சிலருக்கு மட்டும் வேறு வேலை வந்துவிட்டால், மற்றவர்கள் அது முடியும்வரை காத்து நிற்க வேண்டும். ஆகையால், இந்த வரிசையின் ஒழுங்கை அறிந்து கட்டளை எழுதித் தரும் தனிக் கருவிகள் வேண்டியிருக்கின்றன. கம்பைலர், கணித நூலகங்கள், பிழை காணும் கருவி ஆகியவற்றை ஒன்றாகக் கட்டித் தருவதே டூல்கிட்.

இனித் தேவைகளுக்கு வருவோம். முதலாவது, கார்டு. என்விடியா கார்டு என்றால் மட்டும் போதாது; அது எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதைக் குறிக்கும் ‘கம்ப்யூட் கேப்பபிலிட்டி’ என்ற எண் ஒன்று உண்டு. ஜி.டி.எக்ஸ். 1650க்கு அது 7.5, ஆர்.டி.எக்ஸ். 3060க்கு 8.6. வேகத்தின் அளவாக இதைக் கொள்ளக் கூடாது. அந்தச் சிப் எந்தெந்தக் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் என்பதன் அடையாளம் இது. கார்டின் பெட்டிமேல் இந்த எண்ணையும் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. ஏனெனில், டூல்கிட்டின் ஒவ்வொரு பதிப்பும் சில புதிய எண்களைச் சேர்ப்பதோடு, சில பழைய எண்களைக் கைவிட்டும் விடுகிறது.

கைவிடுதல் என்றால் எவ்வளவு நிர்த்தாட்சண்யமானது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2012இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சட்ஸ்கெவர், ஜெப்ரி ஹிண்டன் ஆகிய மூவரும், 12 லட்சம் படங்களைக் காட்டி ஒரு நரம்பு வலைக்குப் பயிற்சி அளித்து, படங்களை இனங்காணும் போட்டியில் மற்ற எல்லோரையும் பெரும் வித்தியாசத்தில் முந்தினார்கள். இன்றைய செயற்கை நுண்ணறிவின் எழுச்சியை அந்த ஆண்டிலிருந்து கணக்கிடுவோர் பலர். அந்தப் பயிற்சிக்கு அவர்கள் பயன்படுத்தியவை, ஒவ்வொன்றும் 3 ஜி.பி. நினைவகம் உடைய, ஜி.டி.எக்ஸ். 580 கார்டுகள் இரண்டே. வேலை முடிய ஐந்து ஆறு நாட்கள் பிடித்தன. அந்தக் கார்டின் எண் 2.0. அந்தத் தலைமுறைக்குரிய ஆதரவைக் கூடாவின் ஒன்பதாம் பதிப்பு 2017இல் நீக்கிவிட்டது. ஒரு யுகத்தையே தொடங்கிவைத்த அதே கார்டுகளை இன்று ஒருவர் பொருட்காட்சியிலிருந்து எடுத்துவந்து யந்திரத்தில் பொருத்தினாலும், எட்டாம் பதிப்பைத் தேடிப்பிடித்துத்தான் ஓட்ட வேண்டும். 2025இல் வந்த பதின்மூன்றாம் பதிப்போ 7.5க்குக் குறைந்த எல்லாவற்றுக்கும் கதவை அடைத்துவிட்டது. செகண்ட்ஹேண்டில் கார்டு வாங்கக் கருதும் மாணவர்கள், விலையைக் கேட்பதற்கு முன்னால் இந்த எண்ணைக் கேட்பது உத்தமம்.

கார்டோடு சேர்த்து எண்ண வேண்டியது மின்சாரம். மதர்போர்டின் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தரக்கூடியது 75 வாட். ஆறு முள் இணைப்பு மேலும் 75 வாட்டும், எட்டு முள் இணைப்பு 150 வாட்டும் தரும். ஆர்.டி.எக்ஸ். 4090 கேட்பது 450 வாட். எஸ்.எம்.பி.எஸ். அதற்குத் தாங்காவிட்டால், சும்மா இருக்கையில் எல்லாம் சரியாகத் தோன்றி, கணக்கு உச்சத்தை எட்டும் தருணத்தில் கணினி அணைந்துபோகும்.

ரேமும் டிஸ்க்கும் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டூல்கிட்டுக்கும் அதன் நூலகங்களுக்கும் சில ஜி.பி. இடம் ஒதுக்கினால் சரி. கணக்கு எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதை முக்கியமாக நிர்ணயிப்பது கணினியின் ரேம் அன்று, கார்டின்மேலேயே உள்ள நினைவகம்.

இரண்டாவதும் மூன்றாவதுமான ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் டிரைவரையும் பிரித்துப் பேச முடியாது. விண்டோஸிலும் லினக்ஸிலும் கூடா இயங்கும்; மாக் கணினிகளுக்கு 2019இல் வந்த 10.2 பதிப்போடு அது முடிந்துவிட்டது. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கருவாகிய கெர்னலுக்கும் கார்டுக்கும் இடையே துபாஷியாக நின்று, இவன் சொல்வதை அவனுக்கும் அவன் சொல்வதை இவனுக்கும் எடுத்துரைக்கும் நிரலே டிரைவர். லினக்ஸில் இந்தத் துபாஷி கெர்னலுக்குள்ளேயே ஒரு பகுதியாகக் குடியேற வேண்டியிருப்பதால், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் பதிப்புக்குச் சரிநிகரான ‘ஹெடர்’ கோப்புகள் முன்கூட்டியே இருந்தாக வேண்டும். பின்னொரு நாள் கெர்னல் தானே புதுப்பித்துக்கொண்டு, டிரைவர் அதற்கேற்ப மறுபடி கட்டப்படாமல் போனால், நேற்று ஓடிய கார்டு இன்று ஓடாது. இன்னொரு தடை, கெர்னலுடனேயே வரும் ‘நூவோ’ என்ற பொது டிரைவர். ஒரே கார்டை இரண்டு டிரைவர்கள் ஆள முடியாதாகையால், என்விடியாவின் டிரைவர் குடிபுகும் முன் நூவோவை விலக்கிவைக்க வேண்டும். ‘செக்யூர் பூட்’ என்ற காவல் ஏற்பாடு இயங்கும் கணினிகளிலோ, முத்திரையிடப்படாத எந்தப் பகுதியையும் கெர்னல் உள்ளே விடாது. நிறுவியபின் கணினி மீண்டும் எழும்பும்போது நீல நிறத் திரையொன்று தோன்றி முத்திரைச் சாவியைப் பதிவு செய்யச் சொல்லும். அது ஏன் வந்தது என்று அறியாமல் அவசரப்பட்டு ‘தொடர்க’ என்பதை அழுத்திவிட்டு, பிறகு பல மணி நேரம் திகைத்திருந்தவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர்.

டிரைவருக்கும் டூல்கிட்டுக்கும் இடையே உள்ள உறவு ஒருதலையானது. புதிய டிரைவர், தன் கார்டுக்கு உரிய பழைய டூல்கிட்டில் ஆக்கிய நிரலை ஏற்றுக்கொள்ளும். பழைய டிரைவரோ அடுத்த பெரும் பதிப்பில் ஆக்கியதைப் பொதுவாக ஏற்காது. லினக்ஸில் பன்னிரண்டாம் பதிப்பின் நிரல்களுக்கு 525 வரிசை டிரைவராவது வேண்டும். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. கார்டின் நிலையைக் காட்டும் ‘என்விடியா எஸ்.எம்.ஐ.’ என்ற கட்டளையை இட்டால், மேலே வலப்புறத்தில் கூடாவின் பதிப்பு எண் ஒன்று தெரியும். டூல்கிட் ஏற்கனவே நிறுவப்பட்டிருப்பதாக அதைக் கண்டு பலர் எண்ணிவிடுகிறார்கள். ‘இந்த எண் வரையில் என்னால் தாங்க முடியும்’ என்று டிரைவர் தன் எல்லையைச் சொல்வதே அது. டூல்கிட் உள்ளதா, எந்தப் பதிப்பு என்பதை ‘என்.வி.சி.சி.’ என்ற கம்பைலரைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

நான்காவது, பலரும் எதிர்பாராத இன்னொரு கம்பைலர். என்.வி.சி.சி. தனக்குத் தரப்பட்ட நிரலை இரண்டாகப் பிரித்து, கார்டில் ஓட வேண்டிய பகுதியைத் தானே கவனித்துக்கொண்டு, சாதாரண சி.பி.யு.வில் ஓட வேண்டிய பகுதியை அந்தக் கணினியில் உள்ள சி++ கம்பைலரிடம் ஒப்படைக்கிறது. லினக்ஸில் அது பெரும்பாலும் ஜி.சி.சி.; விண்டோஸில் மைக்ரோசாப்டின் விஷுவல் ஸ்டுடியோவில் உள்ளது. (பெயர் ஒற்றுமையால் விஷுவல் ஸ்டுடியோ கோடை நிறுவிவிட்டு, கம்பைலர் எங்கே என்று தேடுவோர் உண்டு. அது நிரலை எழுதித் திருத்தும் எடிட்டர் மட்டுமே. கம்பைலர் அதனுடன் வருவதில்லை.)

எப்பொழுதும் புதியதே மேலானது என்ற நம்பிக்கை இவ்விடத்தில் செல்லாது. கூடா 10.2 பதிப்பு ஜி.சி.சி. எட்டு வரைதான் ஏற்கும்; உபுண்டு 20.04உடன் இயல்பாக வருவது ஜி.சி.சி. ஒன்பது. இவ்விரண்டையும் சேர்த்து ஓட்டினால், எட்டுக்கு மேற்பட்ட ஜி.சி.சி. பதிப்புகளுக்கு ஆதரவு இல்லை என்ற பிழைச் செய்தியோடு வேலை நின்றுவிடும். புதிய ஜி.சி.சி.யுடன் வரும் நூலகக் கோப்புகளில் பழைய என்.வி.சி.சி. படித்தறியாத புதிய இலக்கணம் புகுந்திருக்கக்கூடும். அதைத் தவறாகப் புரிந்துகொண்டு தவறான விடை தருவதைவிட வாசலிலேயே மறுத்துவிடுவது நலம் என்று கருதி, டூல்கிட்டின் ஆசிரியர்கள் இந்தச் சோதனையை வைத்திருக்கிறார்கள். சோதனையை மீறிச் செல்வதற்கும் ஒரு வழி உண்டு. அதை நான் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. பழைய ஜி.சி.சி.யையும் அருகிலேயே நிறுவி, அதைப் பயன்படுத்துமாறு என்.வி.சி.சி.க்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், இரண்டும் ஒரே கணினியில் சண்டையின்றி வாழும்.

மாணவரின் லேப்டாப் இதனால் வீணாகிவிட்டதா என்றால், இல்லை. நிரலை ஓட்டுவதற்குத்தான் கார்டு அவசியம். நிரலை ஆக்குவதற்கு டூல்கிட்டும் ஜி.சி.சி.யும் போதும். அவருடைய கல்லூரி ஆய்வகத்தில் ஜி.டி.எக்ஸ். 1650 பொருத்திய கணினி ஒன்று இருந்தது. அதில் அவருடையதே போன்ற உபுண்டுப் பதிப்பு. மறுநாள் அங்கே போய், எதையும் நிறுவாமல், டிரைவரைக் கேட்டார். தன் எல்லை 11.4 என்றது அது. லேப்டாப்பில் இருந்ததோ பன்னிரண்டாம் பதிப்பு. அதை அழிக்காமல், பக்கத்திலேயே தனி அடைவில் 11.4ஐ நிறுவி, அதற்கு இசைந்த ஜி.சி.சி.யையும் வைத்து, 7.5 என்ற எண்ணுக்கு இலக்கு வைத்து நிரலை ஆக்கி, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனார்.

ஓட்டுவதற்குமுன், சாதனத்தை விசாரிக்கும் ‘டிவைஸ் க்வெரி’ என்ற மாதிரி நிரலை ஓட்டும்படி நான் சொல்லியிருந்தேன். கார்டின் பெயர், எண் 7.5, நினைவகம் 4 ஜி.பி., வரிசைக்கு இழைகள் 32 என்று ஒவ்வொரு வரியாக இறங்கி, கடைசியில் ‘பாஸ்’ என்று முடிந்ததாம். அன்று மாலை மீண்டும் வந்தபோது அவர் கையில் லேப்டாப் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதன் முதற் பக்கத்தில் கார்டின் எண், கெர்னல், டிரைவர், ஜி.சி.சி. ஆகிய நான்கின் பதிப்புகளையும் வரிசையாக எழுதி, அவற்றுக்குக் கீழே ஒரு கோடு கிழித்து, பத்து லட்சம் எண்களை வேறு பத்து லட்சம் எண்களோடு கூட்டிய தம் முதல் நிரலின் விடை சரிபார்க்கப்பட்ட நேரத்தையும் குறித்து வைத்திருந்தார்.